பிரீகாஸ்ட் ஷெட் நிலநடுக்கத்தைத் தாங்குமா? டெல்லி வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரீகாஸ்ட் கட்டடம், அதாவது ஃபேக்டரியில் தனித்தனியாக வார்த்த கான்கிரீட் தூண், பீம்களைக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டியது, பலமானதா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பீமைத் தூணோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி மதிப்பீடு முடிந்த மாதிரி. பெரும்பாலான இடங்களில் பதில் யாருக்கும் தெரிவதில்லை. ஃபேக்டரி மேனேஜருக்குத் தெரியாது, கோடவுனை வாடகைக்கு எடுத்தவருக்குத் தெரியாது, சில சமயம் டிராயிங்கிலும் இருக்காது.

பவானா, நரேலா, குண்ட்லி, மானேசர், கிரேட்டர் நொய்டா என்று டெல்லியைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர்கள், மெயின்டனன்ஸ் பொறுப்பாளர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். 'இந்த ஷெட் தாங்குமா' என்ற கேள்வி, நிலம் ஒருமுறை லேசாக ஆடியதும் நம் மேஜைக்குத்தான் வருகிறது. இதை அவர்களுக்காகவே எழுதுகிறேன். ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் செய்யவேண்டிய கணக்கை இதைப் படித்தே முடித்துவிட முடியாது. ஆனால் அவரை அழைப்பதற்கு முன் நீங்களே எதையெல்லாம் பார்க்கலாம், அவர் தரும் அறிக்கையில் எங்கே கேள்வி கேட்கவேண்டும் என்பது பிடிபடும்.

முதலில், டெல்லி மண்ணைப் பற்றி

நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பின்படி டெல்லி நான்காம் மண்டலம். விசையைக் கணிக்கப் பயன்படும் மண்டல எண் 0.24. மும்பையும் சென்னையும் மூன்றாம் மண்டலம், 0.16. பெங்களூரு இரண்டாம் மண்டலம், 0.10. பெங்களூருக்காகப் போட்ட ஷெட் டிசைனை அப்படியே டெல்லிக்குக் கொண்டுவந்தால் இங்கே வரக்கூடிய விசை 2.4 மடங்கு. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒரே டிராயிங்கை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவது நடக்காத விஷயமல்ல. அதனால் டிசைன் அறிக்கையைத் திறந்ததும் முதலில் இந்த எண்ணைத் தேடுங்கள். நீங்கள் வேலை தொடங்கும் நேரத்தில் எந்தப் பதிப்பு அமலில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெல்லிக்கு ஆபத்து இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஒன்று, பக்கத்திலேயே உருவாகும் நடுத்தர அதிர்வு. 1960 ஆகஸ்டில் டெல்லிக்கும் குருகிராமுக்கும் நடுவே 6 அளவில் ஒன்று வந்தது. 1956-இல் புலந்த்ஷஹர் பக்கம் அதைவிடப் பெரியது. 2025 பிப்ரவரி 17 விடியற்காலையில் தௌலா குவான் அருகே வந்தது வெறும் 4.0தான், ஆனாலும் பலரைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டது. இன்னொன்று, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இமயமலையில் வரும் பெரிய நிலநடுக்கம். 1999-இல் சமோலி அதிர்ந்தபோது டெல்லிக் கட்டடங்கள் சிலவற்றில் விரிசல் விழுந்தது.

பிரீகாஸ்ட் ஷெட்டைப் பொறுத்தவரை எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவது வகைதான். தொலைவிலிருந்து வரும் அதிர்வில் வேகமான ஆட்டம் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான, நீண்ட ஆட்டம் மிஞ்சும். யமுனைக்குக் கிழக்கே ஆற்று வண்டல் நூறு மீட்டர் ஆழத்தையும் தாண்டுகிறது. அந்த மண் இதே மெதுவான ஆட்டத்தைப் பெருக்கிக் காட்டும். உயரமான, மேலே பிடிப்பில்லாத தூண்கள் கொண்ட ஷெட்டும் மெதுவாக ஆடும் ரகம். மூன்றும் ஒத்துப்போனால் பிரச்சினைதான். டெல்லியின் ரிட்ஜ் குன்றுப் பாறைமேல் நிற்கும் கட்டடத்துக்கும் நொய்டா மணல்மேல் நிற்கும் கட்டடத்துக்கும் ஒரே கணக்குப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

படி 1: காகிதங்களைத் திரட்டுதல்

தேடவேண்டியவை: ஸ்ட்ரக்சுரல் டிராயிங், எரெக்‌ஷன் டிராயிங் (உறுப்புகளைத் தூக்கி நிறுத்திச் சேர்ப்பதற்கானது), இணைப்பு டீடெயில், மண் பரிசோதனை அறிக்கை, டிசைன் அடிப்படை அறிக்கை. இதில் எரெக்‌ஷன் டிராயிங்தான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். நமக்கு முக்கியமானதும் அதுதான். பிரீகாஸ்ட் சப்ளையரிடம் ஒரு பிரதி இருக்கும் வாய்ப்பு அதிகம்; அங்கே கேளுங்கள்.

டிசைன் அறிக்கையில் 'ஆர்' மதிப்பு என்று ஒன்று இருக்கும். கட்டடம் உடையாமல் வளைந்து கொடுக்கும் என்று நம்பி விசையைக் குறைக்கும் வகுஎண் அது. பீமும் தூணும் விறைப்பாக ஒன்றாகச் சேர்ந்த மொமென்ட் ஃபிரேமில் சிறப்பு வகைக்கு 5, சாதாரண வகைக்கு 3. தூணின் தலையில் பீம் சும்மா உட்கார்ந்திருக்கும் ஷெட் மொமென்ட் ஃபிரேமே கிடையாது. அங்கே 5 போட்டிருந்தால் அந்த அறிக்கையை மேற்கொண்டு படிக்கும்முன் ஒரு சிவப்புக் குறி போட்டு வையுங்கள். இப்படிப்பட்ட ஷெட்டுக்கு 3-க்கு மேல் நான் எடுக்கமாட்டேன். இணைப்பு சந்தேகமாக இருந்தால் அதையும் குறைப்பேன்.

இருக்கும் கான்கிரீட் கட்டடங்களை மதிப்பிடத் தனியாக ஐ.எஸ். 15988 இருக்கிறது, 2013-இல் வந்தது. நமக்குக் கிடைத்த ஆவணம் எவ்வளவு நம்பகமானதோ அதற்கேற்ப 'அறிவுக் காரணி' என்ற ஒன்றால் உறுப்புகளின் பலத்தைக் குறைக்கச் சொல்கிறது. டிராயிங்கும் டெஸ்ட் அறிக்கையும் முழுசாக இருந்தால் 1.0. காகிதம் குறையக் குறைய அதுவும் இறங்கும். பழைய ஃபைலைத் தேடி ஒரு நாள் செலவழிப்பது பின்னால் ஜாக்கெட்டிங் (தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் போட்டுப் பலப்படுத்துவது) செலவில் மிச்சமாகும்.

படி 2: கூரையிலிருந்து கீழே நடந்து வருதல்

ஷெட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் கூரையிலிருந்து தொடங்குங்கள். எடை மேலே இருக்கிறது. நிலநடுக்க விசை அந்த எடையிலிருந்து பிறக்கிறது. அது எந்த வழியாகத் தரைக்கு வருகிறது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தொடர்ந்து போகவேண்டும்: கூரைப் பலகையிலிருந்து பீம், பீமிலிருந்து கார்பெல் (பீம் உட்காரத் தூணிலிருந்து நீட்டிய தாங்கி), கார்பெலிலிருந்து தூண், தூணிலிருந்து பாக்கெட் ஃபுட்டிங் (தூணைச் செருகி நிறுத்தும் குழியுள்ள அஸ்திவாரம்), அங்கிருந்து மண்.

கூரை டபுள் டீ (இரட்டை டி வடிவம்) அல்லது ஹாலோகோர் (உள்ளே துளையுள்ள) கான்கிரீட் பலகையா, தகரமா? பலகை என்றால் மேலே கம்பி வலையோடு கான்கிரீட் டாப்பிங் போட்டிருக்கிறார்களா? அது இல்லையென்றால் பலகைகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் நகரும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் குஜராத்தில் புதிதாகக் கட்டிய ஒற்றைத்தளப் பிரீகாஸ்ட் பள்ளிக் கட்டடங்கள் பல விழுந்தன. கூரைப் பலகைகளை ஒன்றோடொன்றும் கீழே உள்ள உறுப்புகளோடும் சரியாகக் கட்டாததே முக்கியக் காரணம். ஜனவரி 26 விடுமுறை நாள் என்பதால் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை.

தகரக் கூரை என்றால் எடை குறைவு, நல்லதுதான். ஆனால் கிடைமட்ட பிரேசிங் (ஆட்டத்தைத் தடுக்கும் குறுக்குக் கம்பிகள்) இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சோலார் பேனல். சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ வரை வரும். கனமான கூரைக்கு அது பொருட்டில்லை, தகரக் கூரைக்குப் பொருட்டு.

வழியில் இன்னும் சில கண்ணில் படும். ஒரு பக்கம் முழுச் செங்கல் சுவர், எதிர்ப்பக்கம் லாரி நிற்கும் ஷட்டர்கள்: கட்டடம் முறுக்கிக்கொள்ளும். பாதி உயரத்துக்குச் சுவர் கட்டி மேலே ஜன்னல்: அந்தத் தூணின் குட்டையான மேல்பகுதி முழு விசையையும் வாங்கிக்கொண்டு வெடிக்கும். பிற்பாடு ஆபீசுக்காகச் செருகிய மெஸ்ஸனைன் தளமும் அதே வேலையைச் செய்யும். அது ஒரிஜினல் டிராயிங்கில் இருக்கவே இருக்காது. இரண்டு பிளாக்குக்கு நடுவே உள்ள இடைவெளியில் சிமென்ட் மூட்டையும் மரக்கட்டையும் அடைந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: இணைப்பு

நிதானமாகப் பார்க்கவேண்டிய இடம் இது.

2012 மே மாதம் வடக்கு இத்தாலியின் எமிலியா ரொமாஞ்யா பகுதியில் 20-ஆம் தேதியும் 29-ஆம் தேதியும் இரண்டு நிலநடுக்கங்கள், இரண்டும் 6-ஐ ஒட்டியவை. பிரீகாஸ்ட் தொழிற்சாலைகள் வரிசையாக விழுந்தன. தூண்கள் பல இடங்களில் நின்றுகொண்டிருந்தன, கான்கிரீட்டும் தரமானது. பீம்கள் மட்டும் தூணின் தலையிலிருந்து நழுவிக் கீழே கிடந்தன. அந்தப் பகுதி 2003 வரை நிலநடுக்க மண்டலமாகவே வகைப்படுத்தப்படவில்லை. அதனால் இரண்டு செங்கல் மேல் வைத்த பலகை போல, பீமைத் தூண்மேல் வைத்துவிட்டு, எடையால் வரும் உராய்வே போதும் என்று விட்டிருந்தார்கள். முதல் அதிர்வு ஞாயிறு அதிகாலை. இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். துருக்கியில் 1999 கோஜெலி நிலநடுக்கத்திலும் அடாபஜாரி பக்கம் பிரீகாஸ்ட் ஷெட்கள் இப்படித்தான் நொறுங்கின. அங்கே இணைப்போடு தூணின் அடிப்பகுதியும் கைவிட்டது.

சில வருஷத்துக்கு முன் மானேசரில் ஒரு கோடவுனுக்குப் போயிருந்தேன். மெயின்டனன்ஸ் பார்த்தவர் சாத்தூர்க்காரர், சின்ன வயசு.

"சார், எம்50 கான்கிரீட். ஃபேக்டரியில போட்டு எடுத்தது. இதுக்கு என்ன சார் ஆகப்போகுது?"

"கான்கிரீட்டுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. சிஸர் லிஃப்ட் இருக்கா? மேல போய்ப் பார்ப்போம்."

மேலே போனால் டோவல் கம்பி (தூணிலிருந்து நீட்டிப் பீமின் துளைக்குள் நுழைந்து இரண்டையும் பிடிப்பது) இருந்தது, பீமில் அதற்கான துளையும் இருந்தது. துளையை நிரப்பும் சிமென்ட் கலவை, கிரௌட்தான் இல்லை. டார்ச் அடித்தால் கம்பி அடிவரை தெரிந்தது. டிராயிங்கில் எல்லாம் சரி. எரெக்‌ஷன் டீம் அடுத்த சைட்டுக்குப் போகும் அவசரத்தில் விட்டுப்போன வேலை. அதனால்தான் சொல்கிறேன், டிராயிங்கை மட்டும் பார்த்து இணைப்புக்கு மார்க் போடாதீர்கள். ஒவ்வொரு வகை இணைப்பிலும் சிலவற்றையாவது கண்ணால் பாருங்கள். கை எட்டாத துளைக்குள் போர்ஸ்கோப் கேமராவை விட்டால் தெரியும்.

மேலே ஏறியதும் பார்க்கவேண்டியவை இவை. பீமுக்கும் கார்பெலுக்கும் நடுவே நியோபிரீன் (ரப்பர்) பேட் இருக்கிறதா, அது நசுங்கியோ வெளியே பிதுங்கியோ இருக்கிறதா? டோவல் எத்தனை, என்ன தடிமன், மேலே நட்டு போட்டு இறுக்கியிருக்கிறதா? டோவலுக்கும் கான்கிரீட் விளிம்புக்கும் எவ்வளவு தூரம்? விளிம்பு நெருங்கியிருந்தால் கம்பி வளைவதற்கு முன்பே கான்கிரீட் சில்லாகப் பெயர்ந்துவிடும். அந்த இடத்தைச் சுற்றி யு வடிவக் கம்பி கொடுத்திருக்கிறார்களா என்பது கவர் மீட்டர் (கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) வைத்தால் ஓரளவு தெரியும். வெல்டிங் பிளேட் இணைப்பு என்றால் துருவையும் வெல்டின் நீளத்தையும் பாருங்கள். வெல்ட் திடீரென அறுந்துபோகும் ரகம். அதை நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

கார்பெல் ஓரத்தில் ஏற்கெனவே விரிசல் இருக்கலாம். டெல்லியில் குளிர்காலக் காலைக்கும் மே மாத மத்தியானத்துக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம் வந்தால் 20 மீட்டர் பீம் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும், சுருங்கும். அதற்கு இடம் கொடுக்காத இணைப்பில் கார்பெல்தான் அடி வாங்கும். இந்த விரிசல் நிலநடுக்கத்தால் வந்ததல்ல. ஆனால் நிலநடுக்கம் வரும்போது முதலில் திறந்துகொள்வது அதுதான்.

பீம் உட்காரும் கார்பெல் எத்தனை மி.மீ. நீண்டிருக்கிறது என்பதை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டு முனையிலும் அளங்கள்; ஒரு பக்கம் 300, மறுபக்கம் 240 என்று இருப்பது சகஜம். இந்த எண் ஆறாம் படியில் தேவைப்படும்.

படி 4: தூணும் அடியும்

தூண் தரையில் மட்டும் பிடிபட்டு, மேலே சுதந்திரமாக நிற்கிறது. எனவே அடியில் உள்ள முதல் ஒரு மீட்டர்தான் எல்லாம். ஐ.எஸ். 13920-இன்படி 500 மி.மீ. சதுரத் தூணில், 20 மி.மீ. கம்பி போட்டிருந்தால், அந்தப் பகுதியில் ஸ்டிரப் (நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) இடைவெளி 100 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது; கொக்கி 135 டிகிரி மடிந்திருக்கவேண்டும். இடைவெளியைக் கவர் மீட்டரில் பார்த்துவிடலாம். கொக்கியைப் பார்க்க ஓரிரு இடத்தில் கவரை (கம்பிக்கு மேலே உள்ள கான்கிரீட்டை) செதுக்கவேண்டும். கிளையன்ட் முகம் சுளிப்பார், பரவாயில்லை, பூசிக் கொடுத்துவிடலாம்.

பாக்கெட் ஃபுட்டிங்கில் தூண் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? தூணின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருப்பது வழக்கம். தரைத் தளத்தை வெட்டாமல் இதைப் பார்க்க முடியாது. ஓரத் தூண் ஒன்றை வெளிப்பக்கமாகத் தோண்டிப் பாருங்கள்.

கான்கிரீட் வலிமையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிரீகாஸ்டில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ரீபவுண்ட் ஹாமரை (மேற்பரப்பில் அடித்து வலிமையைக் கணிக்கும் கருவி) மட்டும் வைத்து முடிவு சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பழைய கான்கிரீட்டின் மேல்தோல் கெட்டிப்பட்டு எண்ணை ஏற்றிக் காட்டும். கான்கிரீட்டைத் துளைத்து சில கோர் (உருளைத் துண்டு) எடுத்தால் போதும்.

மண்ணுக்குப் பழைய அறிக்கை இல்லையென்றால் புதிதாக போர் போடுங்கள். யமுனைக் கரையோரத் தளர்ந்த மணல், மேலேயே நிலத்தடி நீர் என்றால் மண் குழம்பாவதற்கான வாய்ப்பையும் சோதிக்கவேண்டும்.

படி 5: சுவர்ப் பேனல், ரேக், கிரேன்

8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம், 15 செ.மீ. தடிமன் உள்ள ஒரு கிளாடிங் (வெளிச்சுவர்) பேனல் 7 டன்னுக்கு மேல் எடை. அது தூணோடு சேர்ந்திருப்பது இரண்டோ நான்கோ சின்ன பிராக்கெட்டுகளில். தூண் ஆடும்போது பேனல் அதோடு நெளிய முடியாது. பிராக்கெட்டில் நகர இடம் இருக்கவேண்டும், பிடியும் விடக்கூடாது. இத்தாலியில் பேனல்கள் மொத்தமாகச் சரிந்தன. ஆட்கள் வெளியே ஓடி வந்து நிற்கும் இடமும் அந்தப் பேனலுக்கு அடியில்தான். அவசர வெளிவாசலுக்கு மேலே உள்ள பேனல்களை முதலில் பாருங்கள்.

கோடவுனில் ரேக். உயரமான ரேக் தரையில் போல்ட் அடித்திருக்கிறதா, நீளவாட்டில் பிரேசிங் இருக்கிறதா, ஃபோர்க்லிஃப்ட் இடித்து வளைந்த கால்கள் உண்டா? ரேக்கைத் தூணோடு கட்டிவைத்திருந்தால் ரேக்கின் எடையும் தூணுக்குப் போகும். 2012 நிலநடுக்கத்துக்குப் பிறகு இத்தாலிய அரசு, தொழிற்சாலையை மறுபடி திறக்கும்முன் மூன்று குறைகளைத் தீர்க்கவேண்டும் என்று சட்டம் போட்டது: தூண்–பீம், பீம்–கூரை இணைப்பு இல்லாமை, சரியாகப் பிடிக்காத சுவர்ப் பேனல், பிரேசிங் இல்லாத, கட்டமைப்பைத் தள்ளிச் சாய்க்கக்கூடிய ரேக். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இந்த வரிசையையே சொல்வேன்.

கிரேன் இருந்தால் கேன்ட்ரி பீம் (கிரேன் ஓடும் பீம்) உட்கார்ந்த இணைப்பையும் மூன்றாம் படியில் சொன்னபடியே பாருங்கள். கெமிக்கல் டேங்க், கேஸ் லைன், ஸ்பிரிங்க்ளர் குழாய் இவற்றுக்கு வேறு ஆள் வேண்டும்.

படி 6: ஒரு சின்னக் கணக்கு

கம்ப்யூட்டர் மாடலுக்கு முன் கையால் ஒன்று போட்டுப் பாருங்கள். 20 மீட்டர் அகலம், 8 மீட்டருக்கு ஒரு ஃபிரேம், 8 மீட்டர் உயரத் தூண், 500 மி.மீ. சதுரம், எம்40 கான்கிரீட். கனமான பலகைக் கூரையும் பீமும் சேர்ந்து ஒரு ஃபிரேமுக்கு 600 கிலோநியூட்டன் என்றால் ஒரு தூணுக்கு 300. தூணின் சொந்த எடையில் ஒரு பங்கையும் சேர்த்து 312 என்று வைப்போம். விரிசல் விட்ட தூணுக்கு விறைப்பில் 70 சதவீதம் எடுத்தால் மேல்முனை விறைப்பு மீட்டருக்குச் சுமார் 675 கிலோநியூட்டன். ஆட்ட நேரம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம், ஏறக்குறைய 1.36 நொடி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சாஃப்ட்வேரில் கான்கிரீட் ஃபிரேம் என்று தேர்ந்தெடுத்தால், உயரத்தை வைத்துக் கணிக்கும் சூத்திரப்படி 0.36 நொடி என்று வரும். அந்தச் சூத்திரம் மொமென்ட் ஃபிரேமுக்கானது. அதை வைத்து விசை கணக்கிட்டால் விசை கூடுதலாக வரும், பாதுகாப்பான பக்கம்தான். ஆனால் அதே 0.36 நொடியை வைத்து ஆட்டத் தூரத்தைக் கணித்தால் 10 மி.மீ.கூட வராது. உண்மையான 1.36 நொடிக்கு, மென்மண்ணில், டிசைன் அளவு நிலநடுக்கத்தில் தூணின் தலை 68 மி.மீ. நகரும், அதிகபட்ச அளவில் 136 மி.மீ. பிரீகாஸ்ட் ஷெட்டை விழவைப்பது இந்தத் தூரம்.

தூணின் வளைவு வலிமையைப் பார்ப்போம். எட்டு 20 மி.மீ. கம்பி போட்டிருந்தால் சுமார் 290 கிலோநியூட்டன்-மீட்டர். டிசைன் அளவு நிலநடுக்கத்தில், விசையைக் குறைக்காமல் பார்த்தால், அடியில் வரும் மொமென்ட் (வளைக்கும் சுமை) 370-ஐ ஒட்டி இருக்கும். விகிதம் 1.3-க்குக் கொஞ்சம் கீழே. அடியில் ஸ்டிரப் நெருக்கமாக இருந்தால் தூண் வளைந்து சமாளிக்கும், 250 மி.மீ. இடைவெளியில் இருந்தால் சந்தேகம்தான்.

இணைப்புக்கு எவ்வளவு விசை வரும்? தூண் தன் வலிமைக்கு மேல் தள்ளாது. 290-ஐ 8 மீட்டரால் வகுத்து, கம்பி எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருக்கும் வாய்ப்புக்கு 1.3 பெருக்கினால் 47 கிலோநியூட்டன். வெறும் நியோபிரீன் பேட் என்றால் உராய்வு எண் 0.1 வரைக்கும் இறங்கலாம். 300 கிலோநியூட்டன் எடைக்கு 30தான் தாங்கும். கூரை மேலும் கீழும் குதிக்கும்போது அதுவும் குறையும். பீம் நழுவும். 25 மி.மீ. டோவல் ஒன்று, சுற்றிலும் போதிய கான்கிரீட்டும் நல்ல கிரௌட்டும் இருந்தால், சுமார் 50 தாங்கும். ஒன்று இருந்தால் விளிம்பில் நிற்கிறோம். இரண்டு இருந்தால் நிம்மதி. உராய்வை வலிமைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

டோவலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 300 மி.மீ. கார்பெலில் இடைவெளிக்கு 25, இரண்டு பக்கமும் உதிரக்கூடிய விளிம்புக்கு 40 வீதம் கழித்தால் உண்மையில் உட்கார்ந்திருப்பது 195 மி.மீ. இரண்டு தூணும் ஒரே தாளத்தில் ஆடவில்லையென்றால், ஒவ்வொன்றின் 136 மி.மீ.யையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 192 மி.மீ. வருகிறது. மூன்று மி.மீ.தான் மிச்சம்! கார்பெல் 240 என்று நீங்கள் அளந்த அந்த முனை தாக்குப்பிடிக்காது. இது தோராயம், பீம் நழுவத் தொடங்கியதும் தூணின் ஆட்டமே மாறிவிடும். ஆனால் எந்த முனைக்கு முதலில் போல்ட் அடிப்பது என்று முடிவெடுக்க இது போதும்.

இருக்கும் கட்டடத்துக்கு மிச்ச ஆயுளைப் பொறுத்து விசையைக் குறைத்துக்கொள்ள ஐ.எஸ். 15988 இடம் தருகிறது, 0.7-க்குக் கீழே போகாமல். தூணுக்கு அதைப் பயன்படுத்தலாம். இணைப்புக்கும் உட்காரும் நீளத்துக்கும் நான் பயன்படுத்துவதில்லை. தூண் கொஞ்சம் அதிகம் வளைந்தால் விரிசல் விழும். பீம் கொஞ்சம் அதிகம் நழுவினால் கூரையே விழும்.

படி 7: வரிசைப்படுத்தி, வேலையைத் தொடங்குதல்

அறிக்கையில் 'கட்டடம் பாதுகாப்பானது' அல்லது 'பாதுகாப்பற்றது' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். ஒவ்வொரு தூண் தலைக்கும் ஒரு எண், ஒரு நிறம், ஒரு புகைப்படம் வேண்டும் என்று கேளுங்கள். அடியில் ஆட்கள் நாள் முழுக்க நிற்கும் பேக்கிங் லைன் இருக்கிறதா, ஆளில்லாத ஸ்டோர் இருக்கிறதா என்பதையும் அதே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

முதல் சுற்று வேலை பெரும்பாலும் மலிவானது: பீமையும் தூணையும் இணைக்கும் ஸ்டீல் பிராக்கெட், உட்காரும் நீளத்தைக் கூட்டும் ஸ்டீல் கார்பெல், நழுவினாலும் விழாமல் பிடிக்கும் கேபிள், பேனலுக்கு மாற்று ஆங்கர், ரேக்குக்கு பிரேசிங். பிராக்கெட்டை இறுக்கிப் பிடித்து மேலே மொமென்ட் உண்டாக்கிவிடாதீர்கள். தூணும் பீமும் அதற்கு டிசைன் செய்யப்படவில்லை. நீள்துளை வைத்தால் டெல்லி வெயிலுக்கு பீம் நீளவும் இடம் கிடைக்கும். துளை போடும்முன் பிரீஸ்ட்ரெஸ் கம்பி (கான்கிரீட்டுக்குள் இழுத்துப் பிடித்து வைத்த கம்பி) எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்யாமல் டிரில்லைக் கையில் எடுக்கவிடாதீர்கள். தூண் ஜாக்கெட்டிங், ஃபுட்டிங் பெரிதாக்குதல் எல்லாம் அடுத்த சுற்று. அதற்கு முழுக் கணக்கும், முடிந்தால் வெளியாள் ஒருவரின் மறுபரிசீலனையும் வேண்டும்.

நேரம் பார்த்துத் திட்டமிடுங்கள். இந்தப் பக்கத் தொழிற்சாலைகளில் தீபாவளியிலிருந்து சட் பூஜை வரை பீகார், கிழக்கு உத்தரப் பிரதேச ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். லைன் பாதி காலி. ஹோலிக்கும் அப்படித்தான். கூரைக்கு அடியில் லிஃப்ட் நகர்த்தி வேலை செய்ய அந்த நாட்கள்தான் தோது. ஆனால் ஃபேப்ரிகேஷன் கடைகளிலும் அதே ஆட்கள்தான், அங்கேயும் யாரும் இருக்கமாட்டார்கள். பிராக்கெட்டுகளைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே வெட்டி, துளை போட்டு, கால்வனைஸ் செய்து சைட்டில் இறக்கிவிடுங்கள். பொருத்துவதற்கு ஊருக்குப் போகாத டீம் ஒன்றை ஆகஸ்டிலேயே பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள்.